இறக்குமதிப் பட்டியலில் ஒரு மாப்பிள்ளை

காலை 7 மணிக்கு ஜெமினி மேம்பாலம் பக்கம் போயிருக்கிறீர்களா? அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மதிலை ஒட்டி ஒரு வரிசை நிற்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சர்ட்டிஃபிகேட் அடைத்த ஃபைல், முகத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளின் கலவரம். பிள்ளை உள்ளே போனதும் அப்பா நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார். அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். பழவந்தாங்கலில் 'விசா பிள்ளையார்' என்றே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் வேலைப் பளு ஜாஸ்திதான்.

விசா கிடைத்தால் பிள்ளையார் அருள். கிடைக்காவிட்டால் தலைவிதி. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சமாசாரம் இருப்பதை நமக்கு யாரும் சொல்வதே இல்லை.

அந்த விசா யாரும் போடும் பிச்சை அல்ல. 1994-ல் அமெரிக்கா உலக நாடுகளுக்கு எழுதிக் கொடுத்த வியாபார வாக்குறுதி. அதே கட்டில் நாமும் சில வாக்குறுதிகள் கொடுத்தோம். நாம் கொடுத்ததைக் கழுத்தைப் பிடித்து வசூலித்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்தது காகிதத்தில் சுகமாகத் தூங்குகிறது.

'விசாவுக்கும் வியாபாரத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1994 ஏப்ரலில் மொராக்கோ நாட்டு மராகேஷ் நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி ஒரு பெரிய ஒப்பந்தக் கட்டில் கையெழுத்துப் போட்டன. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அந்தக் கட்டில் ஒன்று 'காட்ஸ்' என்கிற சேவை வர்த்தக ஒப்பந்தம். சேவையை நாடு விட்டு நாடு நாலு வழியில் விற்கலாம் என்கிறது அது. போனிலும் இணையத்திலும் விற்பது முதல் வழி. வெளிநாட்டு நோயாளி சென்னைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டு போவது இரண்டாவது. வெளிநாட்டு பாங்க் அண்ணா சாலையில் கிளை திறப்பது மூன்றாவது. ஆளே நேரில் போய் வேலை செய்து கொடுத்துவிட்டு வருவது நாலாவது.

ஜெமினி வரிசை இந்த நாலாவது வழி.

இந்த வழியில் அமெரிக்கா தன் பட்டியலில் எழுதியது என்ன? சிறப்புத் தகுதி உள்ள வேலைகளுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு 65,000 பேர் வரை அனுமதிப்போம் என்று. 1990-ல் அவர்களே போட்ட குடிவரவுச் சட்டத்தில் எச்-1பி விசாவுக்கு வைத்த உச்சவரம்பு அது. சொந்த வீட்டுச் சட்டத்தில் இருந்த எண்ணை எடுத்து உலக ஒப்பந்தத்தில் வைத்தார்கள். வைத்தபின் அது வெறும் வீட்டுச் சட்டம் இல்லை. வாக்கு.

ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வேலைச் சந்தையில் வேலை தேடி வருபவர்களுக்கு இது பொருந்தாது. குடியுரிமை, நிரந்தரமாகத் தங்குவது, நிரந்தர வேலை எதற்கும் பொருந்தாது. அதாவது, போகிற ஆள் தொழிலாளி இல்லை. 'சேவை.' கப்பலில் போகும் முருங்கைக்காய் மாதிரி ஓர் அயிட்டம். நாம் கல்யாண விளம்பரத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எச்-1பி என்று போட்டுப் பெருமைப்படுகிறோமே, அந்த மாப்பிள்ளை வியாபார ஒப்பந்தத்தின் கண்ணில் மனுஷனே இல்லை. இறக்குமதிப் பட்டியலில் ஒரு வரி.

முருங்கைக்காய்க்கு பென்ஷன் உண்டா? அதன் பெண்டாட்டி வேலைக்குப் போகலாமா என்று யாராவது கேட்பார்களா? பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, எல்லா நாட்டு முருங்கைக்காயும் ஒரே விலைதானா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் நாலு மேஜை. ஒரே படிப்பு, ஒரே வேலை.

முதல் மேஜையில் டொரன்டோக்காரர். 1994 முதல் நடைமுறையில் இருந்த நாஃப்டா, 2020 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்த புது ஒப்பந்தம் இரண்டிலும் அவருக்கு 'டி.என்.' என்று ஓர் அந்தஸ்து உண்டு. வேலைக் கடிதத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு எல்லையிலோ விமான நிலையத்திலோ நேராகப் போய் நிற்கலாம். குலுக்கல் கிடையாது. உச்சவரம்பு கிடையாது. ஒரு தடவைக்கு 3 ஆண்டு வரை. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கும் கணக்கு இல்லை. அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மெக்சிகோக்காரர் மட்டும் தூதரகத்தில் விசா வாங்கித்தான் வர வேண்டும். 2003 முடியும்வரை அவர்களுக்கு ஆண்டுக்கு 5,500 என்ற வரம்பும் இருந்தது. ஒரே பந்திதான், இலை வேறு!

இரண்டாவது மேஜையில் சிங்கப்பூர்க்காரர். 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வியாபார ஒப்பந்தங்களால் சிங்கப்பூருக்கு 5,400, சிலி நாட்டுக்கு 1,400 இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. எங்கிருந்து? உலகத்துக்கே என்று எழுதிக் கொடுத்த அதே 65,000-லிருந்து! ஆக, மிச்சம் 58,200. பயன்படாமல் போன இடங்களைப் பிறகு பொதுக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் வைத்த சாப்பாட்டிலிருந்து இரண்டு பேருக்கு முதலில் எடுத்து வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

மூன்றாவது மேஜையில் சிட்னிக்காரர். இவர் கதை ருசியானது. சிங்கப்பூர், சிலி ஒப்பந்தங்கள் வந்தபோது அமெரிக்க செனட் கொதித்தது. 'குடிவரவுச் சட்டம் எங்கள் வேலை, வியாபாரம் பேசப் போனவர்கள் அதில் கை வைக்கக் கூடாது' என்று 2003-ல் தீர்மானமே போட்டது. பலே! இரண்டே ஆண்டில், 2005-ல், ஆஸ்திரேலியர்களுக்கு என்று வேறொரு சட்டத்தில் தனி விசா வகை சேர்த்து ஆண்டுக்கு 10,500 விசா கொடுத்தார்கள். கணவன் அல்லது மனைவியும் வேலை பார்க்கலாம். வியாபார ஒப்பந்தத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறம் திறந்துவிட்டது கொள்கை.

நாலாவது மேஜையில் நம்ம திருநெல்வேலிப் பையன். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். சாதாரணமாக 6 ஆண்டுதான் உச்சம். வேலை மாறலாம், ஆனால் புது முதலாளி புதிதாக மனுப் போட வேண்டும். வேலை போனால் 60 நாள் கெடு. அதற்குள் வழி பிறக்கவில்லை என்றால் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, காரை வந்த விலைக்கு விற்று, விமானம் ஏற வேண்டியதுதான். கிரீன் கார்டு வரிசையில் நிற்கலாமே என்பீர்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால், இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டு நீளம்.

எச்-1பி அனுமதி வாங்குபவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். அதிகம் போகிற நாட்டுக்குத்தான் மட்டமான காகிதம்.

இப்போது விலைக்கு வருகிறேன். மராகேஷில் அதே கட்டில், அதே கையெழுத்தில், நாம் என்ன கொடுத்தோம்?

1970-ல் வந்த நம் காப்புரிமைச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. அதைத் தயாரிக்கும் முறைக்குத்தான். அதனால் வேறு முறையில் அதே மருந்தை நம் கம்பெனிகள் மலிவாகச் செய்து விற்றன. அந்தச் சட்டத்தை மாற்றி, மருந்துக்கே காப்புரிமை தருவோம் என்று எழுதிக் கொடுத்தோம். இடைக்காலத்தில் வரும் மனுக்களை வாங்கி வைப்பதற்கு ஒழுங்கான சட்ட ஏற்பாடு செய்யவில்லை என்று 1996-ல் அமெரிக்கா நம்மை உலக வர்த்தக அமைப்பின் கூண்டில் ஏற்றியது. 1997 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றோம். 1999-ல் சட்டத்தைத் திருத்தினோம். கடைசிக் கெடு 2005 ஜனவரி 1. கெடு தவறக் கூடாதே என்று மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்த தேதி என்ன தெரியுமா? 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கடல் ஊருக்குள் வந்த அதே ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளிலும் நாம் வாக்குத் தவறவில்லை!

இனி அவர்கள் வாக்கைப் பாருங்கள்.

2010-ல் ஒரு சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் இந்த வகை விசாக்காரர்களாக இருக்கும் கம்பெனி, ஒரு எச்-1பி மனுவுக்குக் கூடுதலாக 2,000 டாலர் கட்ட வேண்டும். எந்த நாட்டுக் கம்பெனிகள் இந்த வலையில் விழும் என்று பெயர் எழுதத் தேவையே இல்லை. பணம் எதற்கு? மெக்சிகோ எல்லைக் காவலுக்கு! பெங்களூர் பையனின் விசாக் கட்டணத்தில் அரிசோனாவில் காவல். 2015 கடைசியில் அதையே 4,000 டாலர் ஆக்கினார்கள்.

2016 மார்ச்சில் இந்தியா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. கட்டணம், சிங்கப்பூர்-சிலி ஒதுக்கீடு எல்லாவற்றையும் மனுவில் எழுதி, 'பேசலாம் வாருங்கள்' என்று கூப்பிட்டது. அதோடு சரி. விசாரணைக் குழுகூட அமையவில்லை. கடைசிவரை போய்ப் பார்ப்போம் என்றாலும் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரில் முடங்கிவிட்டது. காரணம், புது நீதிபதிகளை நியமிக்க விடாமல் அமெரிக்கா தடுத்தது. நம்மைக் கூண்டில் ஏற்றிய கோர்ட்டுக்குத் தன் முறை வந்தபோது பூட்டு.

2025 செப்டம்பர் 19. அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். புதிதாக வரும் எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் அடித்துப் பிடித்து டிக்கெட் தேடினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. டொரன்டோ மேஜை, சிங்கப்பூர் மேஜை, சிட்னி மேஜை... இவர்களுடைய விசாக்கள் அந்த உத்தரவில் இல்லை. நாலாவது மேஜைக்கு மட்டும்தான்.

இது ஒப்பந்த மீறலா இல்லையா என்று வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடலாம். எண் மாறவில்லையே, 65,000 அப்படியே இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். கதவு திறந்துதான் இருக்கிறது. வாசற்படியில் ஒரு லட்சம் டாலர் உண்டியல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்!

உண்டியல் என்றதும் இன்னொன்று. நம் பையன் சம்பளத்தில் 6.2 சதவிகிதம் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. கம்பெனி அதே அளவு போடுகிறது. ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 12,400. ஆறு ஆண்டில் 74,400. பென்ஷன் வேண்டுமானால் மொத்தம் 10 ஆண்டு வேலை பார்த்துக் கட்டியிருக்க வேண்டும். விசாவோ ஆறு ஆண்டு! ஆறு முடிந்து ஊர் திரும்பினால் அந்தப் பணம் அவர்கள் ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கு நாம் எழுதிய மொய். கனடாவுடனும் ஆஸ்திரேலியாவுடனும் அமெரிக்காவுக்கு இதற்கென்று ஒப்பந்தம் உண்டு. அங்கே கட்டிய காலமும் இங்கே கட்டிய காலமும் சேர்த்துக் கணக்காகும். நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கிடைக்கவில்லை.

இவ்வளவு பட்டும் நம் டெல்லிக்காரர்கள் திருந்தினார்களா? 2022-ல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம். சமையல்காரர், யோகா ஆசிரியர்கள் ஆண்டுக்கு 1,800 பேர் போகலாம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம். சமையல், யோகா, கர்நாடக-இந்துஸ்தானி சங்கீதம் எல்லாம் சேர்த்து 1,800! பேசிவைத்துக்கொண்ட மாதிரி. இட்லி சுடுகிறவரையும் பத்மாசனம் போடுகிறவரையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 140 கோடி பேர் உள்ள சந்தையைத் திறந்துவிட்டு வாங்கி வந்ததில் இதையும் ஒரு சாதனையாகப் படித்துக் காட்டினார்கள். அதே சமயத்தில் லண்டனில் அவர்கள் அரசு தன் மக்களிடம் என்ன சொன்னது? 'குடிவரவு விதிகள் மாறவில்லை, பயப்படாதீர்கள்' என்று. இங்கே வெற்றி, அங்கே ஒன்றும் இல்லை. ஒரே காகிதம்தான்!

இந்த இரட்டை நாக்குக்கு அடி வாங்குவது போகிறவர்கள்தான். சிங்கப்பூரைப் பாருங்கள். 2005-ல் நாம் அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் 127 தொழில்களின் பட்டியல் இருந்தது. நம்மூரில் கதவு திறந்துவிட்டது என்றார்கள். அங்கே சிலர், இந்தியர்கள் படையெடுக்கிறார்கள் என்று வசை பாடினார்கள். 2021-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அமைச்சர் கணக்கைச் சொன்னார். கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகி இந்தியாவிலிருந்து வந்து 2020-ல் அங்கே இருந்தவர்கள் சுமார் 500 பேர். 127 தொழில், 500 ஆள், தெருவெல்லாம் வசவு. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரிலேயே இந்தக் கதி.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும்.

'அவங்க நாடு சார். யாரை விடணும், விடக்கூடாதுன்னு அவங்கதானே முடிவு பண்ணணும்?' நியாயம். கதவை மூட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கதவைத் திறப்பதாகச் சொல்லி விலை வாங்கிக்கொண்டபின் மூடுகிற உரிமைதான் கிடையாது.

'நம்ம கம்பெனிகள் மட்டும் யோக்கியமா?' இல்லவே இல்லை. உள்ளூர் ஆளைவிட மலிவாகக் கிடைக்கிறான் என்றுதான் பல கம்பெனிகள் இங்கிருந்து ஆள் அனுப்பிப் பணம் பார்த்தன. விசா எண்ணிக்கையைக் கூட்டு என்று கொடி பிடித்த வேகத்தில் பாதியைக்கூட அந்த ஆளின் உரிமைக்குக் காட்டவில்லை. முதலாளியோடு கயிறு கட்டிய விசா இருக்கும்வரை அவன் சம்பள உயர்வு கேட்கப் பயப்படுவான். அவன் பயப்பட்டால் பக்கத்து மேஜை அமெரிக்கன் சம்பளமும் ஏறாது. நம் பையனுக்குச் சுதந்திரம் கேட்பது அந்த அமெரிக்கனுக்கும் நல்லதுதான். நஷ்டம் முதலாளிக்கு மட்டும்.

'லட்சம் லட்சமா சம்பாதிக்கிறவங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு கண்ணீர்?' இதுதான் முக்கியமான கேள்வி. பட்டம் வாங்கிய, இங்கிலீஷ் பேசுகிற, பின்னால் பெரிய கம்பெனிகள் நிற்கிற ஒருவனுக்கே உலக ஒப்பந்தத்தின் மதிப்பு இவ்வளவுதான் என்றால், அறந்தாங்கியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிற கொத்தனாருக்கு என்ன மதிப்பு? அந்த நாலாவது வழியில் நாடுகள் கொடுத்த வாக்குறுதிகளில் பெரும்பாலானவை மேனேஜர், ஸ்பெஷலிஸ்ட் வகையறாவுக்குத்தான். கொத்தனாருக்கு அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. முருங்கைக்காய் அந்தஸ்துகூட இல்லை.

என்ன செய்யலாம்? எண்ணிக்கை கேட்பதை நிறுத்திவிட்டு உரிமை கேட்க வேண்டும். பிரிட்டன் ஒப்பந்தத்தோடு ஒரு நல்ல காரியமும் பேசி முடித்தார்கள். தற்காலிகமாக அங்கே அனுப்பப்படுகிறவர் அங்குள்ள காப்பீட்டு நிதிக்கும் இங்குள்ள நிதிக்கும் இரட்டையாகக் கட்ட வேண்டாம் என்ற உடன்பாடு. 1,800 சமையல்காரர்களைவிட இது பெரிய விஷயம். இதைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். வேலை போனால் நியாயமான கெடு, முதலாளி மாறும் சுதந்திரம், கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது, வாழ்க்கைத் துணைக்கு வேலை உரிமை... இவை ஒவ்வொன்றும் ஆயிரம் விசாவுக்குச் சமம். கூடவே ஒரு கொக்கியும் வேண்டும். நீ கட்டணத்தை ஏற்றினால் நான் கொடுத்த சலுகையும் அதே நாளில் திரும்பிவிடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் கொக்கி.

இதையெல்லாம் யார் கேட்பது? நம் நாட்டில் வியாபார ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. மந்திரி சபை முடிவு செய்து கையெழுத்துப் போட்டால் போதும். மராகேஷில் அப்படித்தான் போட்டார்கள். இன்றும் அப்படித்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'விசாவில் இந்தியாவுக்கு மாபெரும் வெற்றி' என்று தலைப்புச் செய்தி வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம்? போகிற ஆளுக்கு என்ன உரிமை? அவர்கள் வாக்குத் தவறினால் என்ன தண்டனை? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது வெற்றி இல்லை, விளம்பரம்.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதமாக எழுதிப் போடுங்கள். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாத பிள்ளையார் எதற்காகப் பதில் சொல்ல வேண்டும், பாவம்?